யார் பாவம்? ராமாநுஜர் ஊரில் ஒரு கிறிஸ்தவக் கேள்வி

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் ஒரே நாளில் ஐந்து முறை ஆள் எடுக்கச் சந்தைக்குப் போகிறார். விடியற்காலையில் ஒரு தெனாரியம் கூலி பேசிச் சிலரை அழைத்து வருகிறார். மூன்றாம் மணிக்கு, ஆறாம் மணிக்கு, ஒன்பதாம் மணிக்கு மறுபடி போகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே மிச்சமிருக்கும் பதினோராம் மணிக்கும் போய், யாரும் வேலைக்குக் கூப்பிடாததால் சும்மா நின்றவர்களைக் கூட்டி வருகிறார். கூலி கொடுக்கும் வேளையில் கடைசியில் வந்தவருக்கும் அதே ஒரு தெனாரியம். நாள் முழுக்க வெயிலில் காய்ந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். தங்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதில்லை அவர்கள் புகார். பேசிய கூலி வந்துவிட்டது. இவர்களையும் எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே என்பதுதான் ஆத்திரம்.

மேடைகளில் இந்த உவமைக்குச் சொல்லப்படும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றே. இது கூலியைப் பற்றியது இல்லை, இரட்சிப்பைப் பற்றியது. கடவுளின் அருளை உழைத்துச் சம்பாதிக்க முடியாது. மரணப்படுக்கையில் மனந்திரும்பியவருக்கும் அதே பரலோகம். விளக்கம் சரிதான். ஆனால் ஒரகடத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் ஒருவருக்கு இதைக் கூலிக் கதையாகக் கேட்காமல் இருப்பது கடினம். அவர் நிற்கும் அதே லைனில் பெர்மனென்ட் ஒருவர், கான்ட்ராக்ட் ஒருவர், டிரெய்னி ஒருவர், அப்ரண்டிஸ் ஒருவர் நிற்கிறார்கள். கையில் ஒரே ஸ்பேனர், டார்கெட் ஒன்று, சம்பளம் நான்கு விதம். உவமையில் வேலை வெவ்வேறு, கூலி ஒன்று. இங்கே தலைகீழ். ஜான் ரஸ்கின் 1860இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளுக்கு இந்த உவமையிலிருந்தே தலைப்பை எடுத்தார். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் காந்தி அதைப் படித்தார். 1908இல் 'சர்வோதயா' என்று குஜராத்தியில் சுருக்கித் தந்தார். ஆக, இதைக் கூலிக் கதையாக வாசிப்பது ஏதோ தொழிற்சங்கக் குறும்பு என்று தள்ளிவிட வேண்டாம்.

கிறிஸ்தவம் பாவம் என்று எதைச் சொல்கிறது, எதிலிருந்து மீட்பு என்கிறது என்பதை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் வைத்துக் கேட்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இது தொழிற்சாலைப் பட்டை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்து 2014 நவம்பரில் மூடிப்போனது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், அடுத்தடுத்து டைம்லர், ராயல் என்ஃபீல்டு. இரண்டாவது காரணம் தொழிற்சாலைகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. மரபுக் கணக்குப்படி 1017இல் ராமாநுஜர் பிறந்த ஊர் இது. அருளால் மட்டுமே மீட்பு என்ற செய்தியை இந்த ஊருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய காஞ்சிபுரத்தில் 1939 முதல் 1946 வரை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாக இருந்தவர் லெஸ்லி நியூபிகின். அங்கே ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு வாரந்தோறும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுவேதாசுவதர உபநிடதத்தையும் யோவான் நற்செய்தியையும் மாறி மாறிப் படித்தார். மடத்துக் கூடத்தில் இயேசுவின் படமும் இருந்தது, கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடும் நடந்தது என்று பின்னாளில் எழுதினார். அதில் அவருக்கு மகிழ்ச்சியைவிடச் சங்கடமே அதிகம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–இராமநாதபுரம் பேராயரானார். அந்தப் பொறுப்பில் இருந்தபோது கிராமத்துச் சபை ஊழியர்களுக்காகப் பாவம், இரட்சிப்பு பற்றி ஒரு சிறு நூலை முதலில் தமிழில் எழுதினார். அதன் ஆங்கில வடிவம் 1956இல் லண்டனில் வெளிவந்தது. உலகெங்கும் இறையியல் மாணவர்கள் படித்த அந்த நூல் பிறந்தது தமிழில் என்பது நம்மவர்களுக்கே அதிகம் தெரியாது.

அந்த நூல் பாவத்தைக் குற்றப் பட்டியலாகத் தொடங்கவில்லை. மனிதன் முரண்பட்டுக் கிடக்கிறான் என்று தொடங்குகிறது: இயற்கையோடு, சக மனிதரோடு, தன்னோடு, கடவுளோடு. இந்த நான்கு முறிவுகளும் சேர்ந்த நிலைதான் பாவம். அப்படியானால் மீட்பு என்பது முறிந்ததை முழுமையாக்குவது. நூலின் வரிசையிலும் ஒரு துணிச்சல் உண்டு. மீட்பு நமக்கு எப்படிக் கிடைக்கிறது என்று பேச வரும்போது தனிமனித நம்பிக்கையிலிருந்து தொடங்காமல் சபையிலிருந்து தொடங்குகிறார். ஐரோப்பிய புராட்டஸ்டன்ட் வாசகருக்கு இது தலைகீழாகப் படும். தமிழ்க் கிராமத்தில் ஒருவர் முதலில் சந்திப்பது கோட்பாட்டை இல்லை, ஒரு கூட்டத்தை. அதைப் பார்த்தவர் எழுதிய வரிசை அது.

ராமாநுஜர் பக்கம் திரும்பினால், 'சரணாகதி கத்யம்' கவனத்தை இழுக்கிறது. மனத்தாலும் வாக்காலும் உடலாலும் செய்த, செய்கின்ற, செய்யப்போகின்ற குற்றங்கள் அனைத்தையும் பொறுத்தருள வேண்டும் என்று அதில் அவர் கேட்கிறார். பகவானுக்கு இழைத்த அபசாரம், அவன் அடியார்களுக்கு இழைத்த அபசாரம், பொறுக்கவே முடியாத அபசாரம் என்று அவற்றை வகை பிரிக்கவும் செய்கிறார். இந்தியச் சமயங்களில் அறியாமையிலிருந்து விடுதலை உண்டு, குற்ற உணர்வும் மன்னிப்பும் கிடையாது என்ற பழைய மிஷனரிப் பேச்சு இந்த ஒரு நூலின் முன்னாலேயே நிற்காது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் ஓட்டோ, இந்திய அருட்சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் வெளியான நூலில் ராமாநுஜ மரபை மிகுந்த மரியாதையோடு அணுகினார். ஆனாலும் இரண்டும் வெவ்வேறு அச்சில் சுழல்கின்றன, கிறிஸ்தவத்தின் அச்சு மனசாட்சியும் குற்றமும் என்று முடித்தார். ஓட்டோ பெரிய அறிஞர்தான். இந்த இடத்தில் சற்று அவசரப்பட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அருளுக்கு மனிதன் பங்களிக்க வேண்டுமா என்ற சண்டையும் இருபக்கமும் அப்படியே நடந்திருக்கிறது. காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார், குட்டி தாய்க்குரங்கைப் பற்றிக்கொள்வதுபோல ஜீவன் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும், கடவுள் அருள ஒரு வியாஜமாவது, அதாவது ஒரு சாக்காவது வேண்டும் என்றார்கள். பிள்ளை லோகாசாரியார் வழியில் வந்த தென்கலையார், பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும் என்றார்கள். வடஆப்பிரிக்காவில் அகுஸ்தீனும் பெலேகியுவும் எதிரெதிரே நின்ற வழக்கும் ஏறத்தாழ இதுவே. 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலேகியுவின் கொள்கையைக் கண்டித்தது. 1525இல் லூத்தர் எராஸ்மஸோடு மல்லுக்கட்டியது மறுபடி அதே வழக்கு. லூத்தரன்களும் கத்தோலிக்கரும் இதில் ஒரு பொது அறிக்கைக்கு வர 1999 அக்டோபர் 31 ஆகிவிட்டது. வடகலை, தென்கலை நாமச் சண்டை நீதிமன்றப் படியேறியதைச் சொல்லிச் சிரிக்கும் கிறிஸ்தவர்கள் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இந்த இரு உலகங்களுக்கும் நடுவில் வாழ்ந்து காட்டியவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் திருநெல்வேலிப் பக்கம் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர், 1858இல் கிறிஸ்தவரானவர். ஜான் பன்யனின் பயணக் கதையைக் கருவாக எடுத்துக்கொண்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். 1894இல் அது நூலாக வந்தது. பன்யனின் பயணி முதுகில் சுமை சுமந்து வருகிறான். சிலுவையின் அடியில் அது கழன்று உருண்டுபோகிறது. அந்தக் காட்சியை ஒரு தமிழ் வைணவர் காப்பியமாக்கும்போது அதற்குள் சரணாகதியின் மொழி தானாக வந்து புகுந்துகொள்கிறது. கிருஷ்ண பிள்ளையின் மதமாற்றத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டென்னிஸ் ஹட்சன் இந்த இணைகளை விரிவாகக் காட்டியிருக்கிறார். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி 1927இல் கிறிஸ்தவத்தையே பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதினார். அவர் தன் இறையியலுக்குத் துணையாக அழைத்தது ராமாநுஜரைத்தான்.

வேறுபாடு எங்கே என்று கேட்டால் கிறிஸ்தவர்கள் வழக்கமாகச் சிலுவையைக் காட்டுவார்கள். மன்னிப்பவரே விலையையும் சுமக்கிறார் என்பார்கள். இது கனமான பதில்தான். ஆனால் திருக்கோஷ்டியூர்க் கதை தெரிந்த ஊரில் அதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். குரு ரகசியமாகத் தந்த மந்திரத்தை ராமாநுஜர் எல்லோரும் கேட்க உரக்கச் சொன்னார்; அதனால் தனக்கு நரகம் என்றால், இத்தனை பேர் மீளும்போது தான் ஒருவன் போவதில் என்ன நட்டம் என்றார் என்பது மரபு. தன் இனத்தாருக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகலாம் என்று பவுல் உரோமருக்கு எழுதியதும், மக்களை மன்னிக்காவிட்டால் என் பெயரையும் உம் புத்தகத்திலிருந்து அழித்துவிடும் என்று மோசே வாதாடியதும் இதே உயரத்தில் நிற்பவை. பவுலும் மோசேயும் ராமாநுஜரும் சுமக்கத் தயாராக இருந்தார்கள். கிறிஸ்து சுமந்தே விட்டார், சுமந்தவர் கடவுளே என்பது கிறிஸ்தவ நம்பிக்கை.

மன்னிப்பதற்கு ரத்தம் எதற்கு என்று ஒரு வைணவர் கேட்டால் அது அசட்டுக் கேள்வி இல்லை. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கான்டர்பரியின் அன்செல்ம், பாவம் கடவுளின் மாண்புக்கு இழைத்த கடன், அதை ஈடுகட்ட மனிதனால் ஆகாது என்று விளக்கினார். அடுத்த தலைமுறையில் பிரான்ஸின் அபெலார்ட், குற்றமற்றவனின் ரத்தம் கடவுளுக்குப் பிடிக்கும் என்பது எவ்வளவு கொடூரம் என்று திருப்பிக் கேட்டார். கீழைத் திருச்சபைகள் கடன் கணக்குப் பக்கமே அதிகம் போகாமல் மீட்பை நோய் தீர்வதாகவும் சாவின் மேல் வெற்றியாகவும் பார்த்தன. சிலுவை ஏன் என்பதற்கு ஒரே விளக்கத்தைக் கட்டாயமாக்கும் விசுவாச அறிக்கை எதையும் பழைய பொதுச்சங்கங்கள் நிறைவேற்றவில்லை.

மன்னிப்பு என்றதும் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21 நினைவுக்கு வராமல் போகாது. அந்தக் கொலை வழக்கில் நளினிக்கு விதித்த மரண தண்டனையைக் குறைக்கக் கேட்டு சோனியா காந்தி குரல் கொடுத்தார்; 2000இல் அது ஆயுள் தண்டனையானது. அவர் மன்னித்தது பெரிய செயல். ஆனால் அன்று அந்தத் திடலில் ராஜீவ் காந்தியோடு பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காவலர்கள் உட்பட. அவர்களுடைய வீடுகளின் சார்பில் மன்னிக்கும் உரிமை சோனியாவுக்கோ அரசுக்கோ இருந்ததா? ஒருவருக்கு எதிராக மட்டும் நிகழும் பாவம் என்று எதுவும் இல்லை. கடவுளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று என்று எழுந்துபோகிறவர் பின்னால் வேறு யாரோ நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

இங்கேதான் உண்மையான வேறுபாடு எனக்குத் தென்படுகிறது, அதுவும் கிறிஸ்தவர்களே சொல்லக் கூச்சப்படும் இடத்தில்: ஆதிப்பாவம். வினைக் கோட்பாடு கணக்கை ஆன்மாவுக்கு ஆன்மா தனித்தனியாக வைக்கிறது. என் வினை என்னுடையது, உன்னுடையது உன்னுடையது. ஆதிப்பாவக் கோட்பாடு அந்தப் பிரிவினையை ஏற்க மறுக்கிறது. நீ பிறக்கும் முன்பே முறிந்துபோன ஓர் ஏற்பாட்டுக்குள் நீ பிறக்கிறாய். அதை நீ உண்டாக்கவில்லை, ஆனால் அதில் உனக்குக் கை இல்லை என்றும் சொல்ல முடியாது என்கிறது. இதை அகுஸ்தீன் சொன்ன விதம் கடுமையானது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த சிசுக்களுக்கும் தண்டனை என்ற அளவுக்கு அவர் போனார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. கீழைத் திருச்சபைகளும் பரம்பரைக் குற்றம் என்பதை ஏற்பதில்லை. பரம்பரையாக வருவது சாவும் சீர்கேடும் என்றே சொல்கின்றன. ஆனால் சிசு நரகத்தைக் கழித்துவிட்டாலும் கோட்பாட்டின் முதுகெலும்பு அப்படியே நிற்கிறது. யாரும் தனியாகச் செய்யாத, எல்லோரும் சேர்ந்து நடத்துகிற தீமை ஒன்று உண்டு.

ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு படித்தால், பழத்தைத் தின்றதைவிட அதற்குப் பிறகு நடக்கும் விசாரணை அதிகம் பேசுகிறது. கேள்வி ஆதாமிடம் வருகிறது. நீர் எனக்குத் தந்த பெண்தான் கொடுத்தாள் என்கிறான். ஒரே வாக்கியத்தில் மனைவியையும் கடவுளையும் சேர்த்தே மாட்டிவிடுகிறான். அவள் பாம்பைக் காட்டுகிறாள். பாம்பிடம் கேள்வியே இல்லை, தீர்ப்பு மட்டும்தான். அடுத்த அதிகாரத்தில் தம்பி எங்கே என்று காயினிடம் கேட்கப்படும்போது, நான் என்ன அவனுக்குக் காவலாளியா என்கிறான். பொறுப்பைக் கைமாற்றி விடுவதுதான் விவிலியம் காட்டும் முதல் பாவத்தின் முதல் பலன்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், தங்கியிருந்த ஹாஸ்டல் ஒன்றின் சாப்பாட்டால் நோய்வாய்ப்பட்டார்கள். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு ஜனவரியில்தான் திறந்தது. அறையில் நெருக்கியடித்துத் தரையில் படுத்ததும் கழிப்பறையில் தண்ணீர் வராததும் அப்போதுதான் நாளிதழ்ச் செய்தியாயின. தங்குமிடங்களும் உணவுக் கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள், ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

அந்தச் சோற்றுக்கு யார் பொறுப்பு? சமைத்தவர் சமையல் கான்ட்ராக்டரின் ஆள். ஹாஸ்டலை நடத்தியது வேறு கான்ட்ராக்டர். பெண்களை வேலைக்குப் பிடித்துத் தந்தது இன்னொரு ஏஜென்சி. ஆலை ஒரு தைவான் கம்பெனியுடையது, போனின் பெயர் ஓர் அமெரிக்கக் கம்பெனியுடையது. வேலைவாய்ப்பு வேண்டும் என்று அழைத்துவந்தது அரசு. அந்தப் போனைக் கையில் வைத்திருக்கும் நானும் சங்கிலியின் ஒரு முனையில் இருக்கிறேன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டலாம். காட்டுவதற்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் இருக்கும். இத்தனைக்கும் அங்கே கெட்டவன் என்று ஒருவனைத் தேடினால் ஒருவேளை கிடைக்கவே மாட்டான். தனிமனித ஒழுக்கத்தை வைத்து மட்டும் பாவத்தை அளக்கும் எவரும் இந்த இடத்தில் வாயடைத்துப்போவார். ஆதிப்பாவக் கோட்பாட்டுக்கு இது பழக்கமான இடம்.

1987 டிசம்பரில் இரண்டாம் யோவான் பவுல் தன் சுற்றுமடல் ஒன்றில் பாவக் கட்டமைப்புகளைப் பற்றி எழுதினார். லத்தீன் அமெரிக்க விடுதலை இறையியலாளர்கள் அதற்கு முன்பே அந்தத் திசையில் பேசிவந்தார்கள். அவர்களில் சிலரை ரோம் கண்டித்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் போப்பே இதை எழுதியதில் ஒரு நகைமுரண் உண்டு. அவர் சேர்த்துச் சொன்ன எச்சரிக்கையும் முக்கியம்: கட்டமைப்புகள் தாமாக முளைப்பதில்லை, தனிமனிதர்களின் செயல்களில் வேர்விட்டுத்தான் நிற்கின்றன. எதைக் கொடுத்தாவது லாபம், எதைக் கொடுத்தாவது அதிகாரம் என்ற இரண்டு வேர்களை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். சிஸ்டம் அப்படி என்று தோளைக் குலுக்குபவருக்கு இதில் தப்பிக்க வழியில்லை.

புதிய இறையியலை இறக்குமதி செய்து பழைய கிராமத்தில் ஒட்டும் வேலை இது என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1880களிலும் 1890களிலும் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. மிராசுதாரர்களின் வயல்களில் படியாட்களாகக் கட்டுண்டு கிடந்த தலித் மக்கள் மிஷனரிகளைத் தேடிப் போனார்கள். மிஷனரிகளுக்குத் தர்மசங்கடம். இவர்கள் கேட்பது ஆத்தும இரட்சிப்பா, நிலமும் பாதுகாப்புமா? சோற்றுக்காக வருபவர்களைச் சேர்க்கலாமா? ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் (ஃப்ரீ சர்ச்) ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி போன்றவர்கள் கிராமங்களில் கண்டதை எழுதினார்கள், அரசை நெருக்கினார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்துத் தன் அறிக்கையை அளித்தார். 1892இல் அவர்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றைக்கும் நாம் பேசுவது அதைத்தான். அந்த நிலத்தின் பெரும்பகுதி பின்னர் வேறு கைகளுக்குப் போனது. மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் காரணையில் எழுந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள்.

வரலாற்றாசிரியர் ரூபா விஸ்வநாத் இந்தக் காலத்தை ஆராய்ந்து 2014இல் எழுதிய நூலில், ஆன்மிக நோக்கம், உலகியல் நோக்கம் என்று மிஷனரிகள் பிரித்த கோடு தலித் மக்களிடம் இல்லவே இல்லை என்பதைக் காட்டுகிறார். வயலிலிருந்து ஓடிப்போனால் அடித்து இழுத்து வரப்படுகிறவருக்கு மீட்பு என்பது ஒரு பக்கம் ஆத்துமாவாகவும் மறுபக்கம் பட்டாவாகவும் பிரிந்து தெரியவில்லை. எகிப்தில் செங்கல் அறுத்த எபிரேயருக்கும் அது பிரிந்து தெரிந்ததில்லை. பழைய ஏற்பாட்டில் மீட்பின் முதல் பெரிய நிகழ்வு ஒரு கட்டாய வேலைத்தளத்திலிருந்து வெளியேறியதுதான். இறையியல் தேர்ச்சியில் அந்தக் காலத்துப் படியாட்கள் மிஷனரிகளைவிட ஒரு படி முன்னே இருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

1965இல் சென்னைப் பேராயராகத் திரும்பி வந்த நியூபிகின் இந்தக் கேள்வியோடு மறுபடி மோதினார். 1971இல் கேரளத்து எம்.எம். தாமஸ் மீட்பையும் மனிதமயமாதலையும் இணைத்து எழுதிய சிறு நூல் இருவருக்கும் இடையே நீண்ட விவாதத்தைக் கிளப்பியது. மனித மாண்புக்கான போராட்டங்களுக்குள்ளேயே கிறிஸ்து செயல்படுகிறார் என்றார் தாமஸ். சரி, ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒரு சமூகம் இல்லாமல் மீட்பு காற்றில் கரைந்துவிடும் என்றார் நியூபிகின். இருவரும் நண்பர்கள், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் தாமஸ் பக்கம் சாய்கிறேன். ஆனால் தனியாக அறையெடுத்துத் தங்கி மூன்று ஷிஃப்டில் மாறி மாறி வேலை பார்க்கும் ஒரு ஜார்க்கண்ட் இளைஞனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு கூட்டம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிக்கும்போது நியூபிகின் சொன்னது உறைக்கிறது.

இந்தப் பட்டையில் சபைகளுக்குக் குறைவில்லை. தகரக் கூரையிலும் கல்யாண மண்டபத்திலும் கடை மாடியிலும் ஆராதனை நடக்கிறது. எனக்குக் கேட்கக் கிடைத்த பிரசங்கங்களில் பாவத்தின் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை: குடி, புகை, சினிமா, விக்கிரகம், கள்ள உறவு. சாட்சி சொல்ல வருபவர் எதை விட்டேன் என்று சொல்லி அழுகிறார். இதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. சம்பள நாளில் டாஸ்மாக்கில் இறங்காமல் வீட்டுக்கு வரும் கணவனால் ஒரு குடும்பத்தின் பொருளாதாரமே மாறிப்போகும். அந்த மனைவிக்கு அதுதான் இரட்சிப்பு, அதைச் சின்னது என்று சொல்ல நாம் யார்? குறை வேறு இடத்தில். குடியை விட்டவரைச் சாட்சி சொல்ல அழைக்கும் மேடை, தன் ஆட்களின் பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விழுங்கும் லேபர் கான்ட்ராக்டர் முன்வரிசையில் உட்கார்ந்து காணிக்கை போடும்போது எதையும் கேட்பதில்லை. ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு, என் கணக்கு தீர்ந்தது என்ற நிம்மதி. எந்த வினைக் கோட்பாட்டை எதிர்த்து இந்தச் சபைகள் பேசுகின்றனவோ, அதன் மெலிந்த ஒரு நகலாகவே அவர்களுடைய பாவம் ஆகிவிட்டிருக்கிறது. ராமாநுஜ மரபில்கூட அடியாருக்கு இழைத்த அபசாரம் பகவானுக்கு இழைத்ததைவிடக் கொடியது என்று பிள்ளை லோகாசாரியார் வழியில் அழுத்திச் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஆதிப்பாவத்தைப் பற்றிக் கேள்விப்படாத நம் நாடாளுமன்றம் அதன் ஒரு துளியைச் சட்டமாகவே எழுதியது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கான்ட்ராக்டர் கூலி தரத் தவறினால் முதன்மை முதலாளி அதைத் தர வேண்டும், பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சொன்னது. தப்பு நீ செய்யவில்லை, ஆனாலும் பொறுப்பு உனக்கு உண்டு. பிறர் கடனை மூன்றாமவர் தீர்ப்பது நியாயமா என்று சிலுவையைப் பற்றிக் கேட்பவர்கள் இந்தப் பிரிவையும் சேர்த்து யோசிக்கலாம். கூலிக்கு எழுதிய அந்த விதி ஹாஸ்டல் சோற்றுக்கும் படுக்கைக்கும் நீளவில்லை என்பது வேறு கதை.

லூக்கா 19ஆம் அதிகாரத்தில் வரும் சகேயுவைப் பற்றிய பிரசங்கம் பெரும்பாலும் அத்தி மரத்தோடு நின்றுவிடுகிறது. குள்ளமான மனிதர், மரமேறிப் பார்த்தார், இயேசு அவர் வீட்டுக்கு வந்தார். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளுக்குப் பிடித்த கதை. அவர் தொழிலைக் கவனித்தால் கதை ஒரகடத்துக்கு வந்துவிடும். சகேயு எரிகோவின் தலைமை ஆயக்காரர். வரி வசூலை ஏலம் எடுத்து, கீழே ஆள் வைத்து வசூலிக்கும் முறை அது. சுங்கச்சாவடியில் நின்று காசு பிடுங்கியது அவராக இருந்திருக்காது, அவருடைய ஆட்கள். என் ஆட்கள் செய்தது எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியது நான்கு மடங்காகத் திரும்ப என்கிறார். மீட்பு இந்த வீட்டுக்கு இன்று வந்தது என்று இயேசு சொல்வது அதற்குப் பிறகுதான்; மரத்தடியில் அப்படி எதுவும் சொல்லவில்லை. மோசடியைத் தானே ஒப்புக்கொண்டவருக்கு லேவியராகமம் விதிப்பது அசலும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. சகேயு தனக்குத்தானே தேர்ந்துகொண்ட நான்கு மடங்கு, ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் விதித்த அபராதம்.